அப்பா ஊதிய மூச்சு

யமீலே ஊருக்கு வந்து இரண்டு நாள் ஆகியும் வீட்டில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரவில்லை.

புக்காரமாங்கா நகரத்தில் சுவாச சிகிச்சை கடைசி வருஷம் படிக்கிறவள், கல்லூரி வண்டியில் தன் சொந்த ஊரான தோபகாவுக்கே இலவச மூச்சுப் பரிசோதனை முகாமுக்காக வந்து இறங்கியதையும், வந்த அன்றே வீட்டில் ஏதோ புகைந்துகொண்டிருப்பதைக் கண்டதையும் போன வாரம் பார்த்தோம். உருளைக்கிழங்கு லாரி வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தம்பி எதில்சோன், அப்பாவைப் போல நிலக்கரிச் சுரங்கத்துக்குத்தான் போவேன் என்கிறான். அம்மா தியோசெலினா கூடாது என்கிறாள். அப்பா அவுரேலியோ அவன் பேசும்போது அவனுக்கும், அவள் பேசும்போது அவளுக்கும் தலையாட்டுகிறார்.

அதற்கு மேல் யமீலேவுக்குத் தெரியாது. முகாம் வேலைக்காகத் தோழிகளோடு பக்கத்து ஊர் விடுதியில் தங்கிவிட்டாள். அவள் இல்லாத அந்த ராத்திரியில் வீட்டில் ஒரு முடிவு ஆகியிருந்தது. அதை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை. சந்தை நாள். தேவாலயத்துக்கு எதிரே சதுக்கத்தில் மேசைகள் போட்டாயிற்று. மலையிலிருந்து இறங்கிய பனி இன்னும் கலையவில்லை. கூடையில் அவரைக்காயும் வெங்காயத் தாளும் வைத்திருந்த பெண்கள், வெள்ளைச் சட்டை போட்ட மாணவிகளைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, ஊசி இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

வேலை எளிதுதான். மூக்கில் கிளிப்பை மாட்ட வேண்டும். குழாயை வாயில் கொடுக்க வேண்டும். நிறைய மூச்சை இழுத்து, இருப்பதையெல்லாம் ஒரே வீச்சில் ஊதச் சொல்ல வேண்டும். திரையில் கோடு ஒன்று செங்குத்தாக ஏறி, சரிந்து இறங்கும். அது எவ்வளவு உயரம் ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பேராசிரியை ரூத் மேரி காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். யாருக்கும் நாலு பேர் முன்னால் முடிவு சொல்லக் கூடாது. கோடு சரியில்லையென்றால் தன்னிடம் காட்ட வேண்டும். தனியாக அழைத்துப் பேசுவது தன் பொறுப்பு. இந்தக் கருவி நோயின் பெயரைச் சொல்லாது, காற்று சரியாக வெளியே வரவில்லை என்று மட்டும்தான் சொல்லும், அதற்கு மேல் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் எதுவும். யமீலே இதையெல்லாம் எத்தனையோ முறை எழுதிப் பாஸ் பண்ணியவள்தான். ஆனாலும் நர்சிங் இடம் கிடைக்காமல் போனதால் இந்தப் படிப்புக்கு வந்தவள் அவள். நாலு வருஷம் ஆகியும், இது தன் தொழில்தானா, அல்லது இன்னொருத்தியின் சட்டையைத் தான் போட்டுக்கொண்டு நிற்கிறோமா என்பது அவளுக்கு விளங்கியபாடில்லை.

பத்து மணிவாக்கில் அப்பா வந்தார்.

தனியாக வரவில்லை. சுரங்கத்தில் அவரோடு வேலை செய்கிற பர்மேனியோவும் இன்னும் இரண்டு பேரும் கூட வந்தார்கள். அப்பா சலவை செய்த கம்பளிப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடுகிற தொப்பியை வைத்திருந்தார். மகளைப் பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் யமீலே நினைத்தாள். அவர் நேராக வந்து அவள் மேசை முன்னால் உட்கார்ந்தார்.

"எனக்கும் பாரு கண்ணு."

முதல் தடவை ஊதும்போது பர்மேனியோ பின்னாலிருந்து, மாப்பிள்ளை தொப்பி பறக்கப் போகுது பிடிச்சுக்கோ என்றான். அப்பா சிரித்துவிட்டார். அது கணக்கில்லை. இரண்டாம் முறை அப்பா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தோளெல்லாம் எழும்ப இழுத்து, ஊதினார்.

யமீலே திரையைப் பார்த்தாள். கோடு ஏறவே இல்லை. கொஞ்சம் எழும்பி, குழிந்து விழுந்து, தரையோடு தரையாக நீண்டுகொண்டே போனது.

குழாய் சரியாக மாட்டவில்லையோ என்று பார்த்தாள். மாட்டித்தான் இருந்தது. இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். அதே கோடு. இன்னொரு தடவை. ஊதி முடித்ததும் அப்பா இருமினார். இருமலைப் போர்வைக்குள் அடக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது.

"என்ன டாக்டரம்மா, இந்த வண்டி இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும்?"

மூன்று பேரும் குனிந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடு சரியில்லையென்றால் பேராசிரியையிடம் காட்ட வேண்டும். அவர் நாலு மேசை தள்ளி யாரோ ஒரு கர்ப்பிணியோடு பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் இருங்க என்று சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் அந்த மூன்று பேருக்கும் புரிந்துவிடும். அப்பாவின் சிரிப்பு அவர்கள் முன்னால் அணைவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"நல்லா இருக்குப்பா."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

பர்மேனியோ அப்பாவின் முதுகில் ஓங்கித் தட்டினான். கிழட்டுக் கழுதைக்கு நெஞ்சு இரும்பு என்று யாரோ சொன்னார்கள். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு சிவப்புத் தொப்பி திரும்பி வேகமாகப் போவதை யமீலே பார்த்தாள். எதில்சோன். அவன் எப்போது வந்து நின்றான், எதற்கு ஓடுகிறான் என்று யோசிப்பதற்குள் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டான்.

முகாம் முடிந்து சாமான்களைக் கட்டும்போது ரூத் மேரி அந்தக் கோட்டைக் கண்டுபிடித்துவிட்டார். இது யாருடையது, ஏன் தன்னிடம் வரவில்லை என்று கேட்டார். அந்த ஆள் நிற்காமல் போய்விட்டார் என்றாள் யமீலே. குடும்பப் பெயர் கிறிஸ்தாஞ்சோ என்று போட்டிருக்கிறதே, உனக்குச் சொந்தமா என்றார் அவர். இந்த ஊரில் பாதிப் பேர் கிறிஸ்தாஞ்சோதான் மேடம் என்று அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அது பதில் இல்லை. பேராசிரியை அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, எப்படியாவது அந்த ஆளைக் கண்டுபிடித்துத் திங்கட்கிழமை படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், அது உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் வீட்டுக்குள் நுழைந்தபோது பன்றி எலும்பு போட்ட கோதுமைக் கூழ் மணத்தது. அம்மா விசேஷ நாளில்தான் அதைச் செய்வாள். நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இரண்டு வாரமாக மகனோடு முகம் கொடுத்துப் பேசாதிருந்த அம்மா, பெரிய எலும்பாகப் பார்த்து எதில்சோன் கிண்ணத்தில் போட்டாள்.

"சரி, போ," என்றாள். "சொன்ன வார்த்தையை நான் மாத்த மாட்டேன்."

யமீலே என்ன வார்த்தை என்று கேட்டாள். எதில்சோன்தான் சொன்னான். அப்பாவின் நெஞ்சைப் பரிசோதித்து, இத்தனை வருஷம் கரி தின்றும் நன்றாக இருக்கிறது என்று படித்தவர்கள் வாயால் வரட்டும், அப்புறம் நீ சுரங்கத்துக்குப் போ, நான் தடுக்க மாட்டேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பாவும் அதற்காகத்தான் வந்து ஊதியிருக்கிறார். சுரங்கத்து மேஸ்திரி எலியேசர், சம்மதம் என்றால் இன்றைக்குச் சாயங்கால ஷிப்டுக்கே வா என்று சொல்லிவிட்டாராம்.

கரண்டி யமீலேவின் கையில் அப்படியே நின்றது.

"நீதானே பார்த்தே?" என்று அம்மா கேட்டாள். "உன் கையாலதானே?"

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவோ எலும்பிலிருந்து கறியைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார். அவர் காது சிவந்திருந்தது. எதில்சோன் சிரித்தபடி கூழைக் குடித்துக்கொண்டிருந்தான். யாருக்கு எது தெரியும், யாரைக் காப்பாற்ற யார் முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று எதுவும் பிடிபடாமல் யமீலே தலையை ஆட்டி வைத்தாள். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் எங்கோ நின்ற தலையாட்டல் அது.

எதில்சோன் சாப்பிட்ட கை ஈரம் காயுமுன் கிளம்பிவிட்டான். அப்பா, பர்மேனியோ காத்திருப்பான் என்று முணுமுணுத்துக்கொண்டே வட்டை எறிகிற தெஹோ ஆட்டத்துக்குக் கிளம்பினார்.

அம்மா பாத்திரம் கழுவினாள். யமீலே துடைத்து வைத்தாள். மூன்றாவது கிண்ணத்தில் அவளுக்குப் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். அப்பாவுக்கு நல்லா இல்லை."

அம்மா திரும்பவில்லை. கையில் இருந்த கிண்ணத்தை இன்னொரு தடவை கழுவினாள்.

"தெரியும்."

யமீலேவுக்குப் புரியவில்லை.

"ஒரு வருஷமா அவர் படுத்துத் தூங்கலை. தலையணை ரெண்டை முதுகுக்குக் குடுத்து உட்கார்ந்தபடியே தூங்குறார். பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா அப்படி ஒரு பந்தயம் வச்சீங்க?"

"நான் சொன்னா அது பொண்டாட்டி புலம்பல். இத்தனை நாள் சொல்லிப் பார்த்தாச்சு. நீ மெஷினை வச்சுச் சொன்னா அப்பனும் கேப்பார், மகனும் கேப்பான்னு நினைச்சேன்." அம்மா இப்போது திரும்பினாள். அழவில்லை. கோபமாகவும் இல்லை, அதுதான் யமீலேவைக் கலக்கியது. "சாப்பிடும்போது உன் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தேன். இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவான்னு. நீ தலையை ஆட்டுனே."

அப்படியென்றால் நீங்களாவது அவனை நிறுத்தியிருக்கலாமே என்று யமீலே கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. அந்தக் கேள்வி அம்மாவின் முகத்திலேயே எழுதியிருந்தது. அம்மாவும் தன்னைத்தானே அதையே கேட்டுக்கொண்டுதான் அந்தக் கிண்ணத்தைத் திரும்பத் திரும்பக் கழுவியிருக்கிறாள்.

போய் உன் அப்பனைக் கூப்பிடு என்றாள் அம்மா.

தெஹோ களத்தில் இரும்பு வட்டைகள் களிமண்ணில் விழும் சத்தமும், நடுநடுவே குறியில் வைத்த வெடிமருந்துப் பொட்டலம் வட்டை பட்டு வெடிக்கும் சத்தமுமாக இருந்தது. அப்பா விளையாடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, முறை வரும்போதெல்லாம் அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். யமீலே பக்கத்தில் போய் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், காலையில் திரையில் பார்த்ததைச் சொன்னாள்.

அவர் ஆச்சரியப்படவில்லை. நான் ஊதி முடித்தபோதே உன் முகத்தில் பார்த்துவிட்டேன் என்றார். நீ நல்லா இருக்கு என்று சொன்னதும் மனசு ஒரு பக்கம் குளிர்ந்தது, ஒரு பக்கம் சுருங்கியது என்றார். திங்கட்கிழமை படம் எடுக்க வருகிறேன் என்றும், வேலையில் மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும் ஒரே மூச்சில் சொல்ல முயன்று இரண்டு தடவை நிறுத்தினார்.

"அப்ப எதில்சோன்?"

"அவன் உள்ளே இறங்கப் போறதில்லைம்மா. மேலே நின்னு கரி வண்டியை இழுக்கிற விஞ்ச் ஓட்டுற வேலை. எலியேசர் எனக்கு வாக்குக் குடுத்திருக்கான். வெயிலும் காத்துமா நிப்பான். இல்லேன்னா நான் விடுவேனா?"

யமீலேவுக்குப் பாதி நிம்மதி வந்தது. வட்டையை எடுக்கக் குனிந்த பர்மேனியோ அதைக் காதில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தான். விஞ்ச் வேலையை மேஸ்திரி தன் மச்சானுக்குக் கொடுத்து ஒரு வாரம் ஆகிறதே, உன் பையன் இன்றைக்கு முதல் உள்ளே கரி வெட்டுகிற முகப்புக்குத்தான் போகிறான், உனக்குத் தெரியாதா என்று சாதாரணமாகக் கேட்டான்.

அப்பா எழுந்தார். போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு மலைப் பாதையில் நடக்க ஆரம்பித்தார்.

சுரங்கத்துக்குப் போகும் பாதை செங்குத்து. யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே கரித்தூள் கலந்த சேறு. முதல் திருப்பத்திலேயே அப்பாவின் மூச்சு இரைய ஆரம்பித்தது. யமீலே அவர் கையைப் பிடித்தாள். நீங்க இங்கே உட்காருங்கப்பா, நான் ஓடிப்போய் அவனை நிறுத்துகிறேன் என்றாள்.

"நீ சொன்னா... நம்ப மாட்டான்." அவர் ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டார். "காலைல... நீதானே... நல்லா இருக்குன்னே."

யமீலே அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

அவர் விரல் நகங்கள் நீலம் பாரித்திருந்தன. இந்த நிலையில் ஒரு நோயாளி முன்னால் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்: உட்கார வைக்க வேண்டும், ஒரு அடி நகர விடக் கூடாது. தம்பி ஒருத்தன் குழிக்குள் இறங்கப் போகிறான் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஷிப்டு மாறும் சங்கு இன்னும் ஊதவில்லை. எந்த நேரத்திலும் ஊதலாம்.

"பேசாதீங்க. என்னைப் பாருங்க. மூக்கால இழுங்க. இப்ப உதட்டைக் குவிங்க, சூடான கூழை ஊதி ஆத்துற மாதிரி. மெதுவா. இழுத்ததைவிட விடுறது ரெட்டிப்பா இருக்கணும். அவசரம் இல்லை."

அவசரம் இருந்தது. ஆனாலும் அவள் குரல் நிதானமாக வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பா அவள் உதட்டைப் பார்த்து அதே போல ஊதினார். கொஞ்சம் நிதானப்பட்டதும், முட்டியில் கையூன்றிக் குனிந்து நிற்கக் கற்றுக்கொடுத்தாள். பிறகு நாலடி. நிற்பது. ஊதுவது. மறுபடி நாலடி. பாதி வழியில் திரும்பிவிடலாம் என்று கெஞ்சினாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அது தெளிவான 'முடியாது'.

மேலே போய்ச் சேரும்போது சங்கு ஊதியது.

சுரங்க வாயிலில் முட்டுக் கொடுக்கும் மரக்கட்டைகள் அடுக்கியிருந்தன. தண்டவாளத்தில் தள்ளுவண்டி நின்றது. ஏழெட்டு ஆட்கள் வரிசையில் நிற்க, எலியேசர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். எதில்சோன் கடைசி ஆளுக்கு முன்னால் நின்றான். தலையில் ஹெல்மெட், நெற்றியில் விளக்கு. அப்பாவைப் பார்த்ததும் அவன் முகம் குற்றம் செய்த சிறுபிள்ளை முகம் போலானது.

"என்னப்பா?"

அப்பா வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. கையைத் தூக்கி ஏதோ சொல்லப் பார்த்தார். கை பாதியில் இறங்கிவிட்டது. முட்டியில் கையூன்றிக் குனிந்து நின்றார். அவர் நெஞ்சிலிருந்து வந்த சத்தம் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

எதில்சோன் அக்காவைப் பார்த்தான்.

"நல்லா இருக்குன்னுதானே சொன்னே?"

"பொய் சொன்னேன்."

அவன் வரிசையை விட்டு வந்தான். இரண்டு பேருமாக அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் மரக்கட்டை மேல் உட்கார வைத்தார்கள். யமீலே மண்டியிட்டு அவர் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக்கொண்டு உதட்டைக் குவித்தாள். அவரும் குவித்தார். மலைக்காற்று மேலே போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவர் பங்கை வாங்கிக்கொடுப்பது போல அவள் அவரோடு சேர்ந்து இழுத்து, சேர்ந்து விட்டாள்.

எலியேசர் எதில்சோன் பெயரைக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. மேஸ்திரி கிட்டே வந்து அப்பாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, டாக்டர் பார்த்துச் சொல்கிற வரைக்கும் உன்னை உள்ளே இறக்க முடியாது அவுரேலியோ, என் கண்ணால் பார்த்த பிறகு முடியாது என்று மெல்லச் சொன்னார். அப்பா பயந்த வார்த்தை அதுதான். அதை இத்தனை பேர் முன்னால் வரவழைத்தது தான்தான் என்று யமீலேவுக்குத் தோன்றியது. அப்பா அவளைப் பார்த்த பார்வையில் இருந்தது கோபமா, நன்றியா, வெறும் களைப்பா என்று அவளால் படிக்க முடியவில்லை.

மூச்சு திரும்பியதும் அவர் மகனிடம் பேசினார்.

"விஞ்ச்சுன்னுதான்டா எலியேசர் என்கிட்ட சொன்னான்."

"தெரியும்ப்பா," என்றான் எதில்சோன். "உங்ககிட்ட மட்டும் விஞ்ச்னே இருக்கட்டும்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன்."

மூன்று பேரும் மரக்கட்டையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கடைசி ஆள் ஏறியதும் தள்ளுவண்டி தடதடவென்று உள்ளே இறங்கிப் போனது. எதில்சோன் அதில் போகவில்லை. ஆனால் கழற்றிய ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. மடியில் வைத்துக்கொண்டிருந்தான், விளக்கு எரிந்தபடியே.